கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு ஊதியம்: அமெரிக்காவில் பணம் வந்துவிட்டது, உரிமை வந்ததா?

மருதநிலவன் (இழையைத் தொடங்கியவர்)

2025 ஜூன் 6 அன்று கலிபோர்னியாவில் கூட்டாட்சி நீதிபதி கிளாடியா வில்கன் ஓர் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தார். அத்தோடு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் தலைமுறை தலைமுறையாக நிலவிவந்த ஒரு தடை நீங்கியது. என்சிஏஏ என்று அறியப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமும், பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஆட அமைத்துக்கொண்ட பெரிய கூட்டமைப்புகளும், 2016 முதல் விளையாடியவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டன. அதைவிட முக்கியமானது, 2025 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்கள் தம் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம் என்பது. முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் மொத்தமாக 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிரலாம். ஆண்டுதோறும் அந்த வரம்பு உயரும்.

ஆகவே “கல்லூரி வீரர்களுக்குப் பணம் தரலாமா” என்ற பழைய கேள்விக்கு நடைமுறையில் விடை கிடைத்துவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 2 கோடியே 5 லட்சம் என்ற வரம்பை நிர்ணயித்தவர்கள் யார்? பெரிய கூட்டமைப்புப் பல்கலைக்கழகங்களின் குறிப்பிட்ட சில வருவாய் இனங்களின் சராசரியில் 22 விழுக்காடு என்று வழக்கறிஞர்கள் மேசையில் அமர்ந்து முடிவு செய்தார்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்திலும் (இந்த இழையில் கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து) கூடைப்பந்திலும் வீரர்களுக்கு வருவாயில் ஏறத்தாழப் பாதி போய்ச் சேருகிறது. அங்கும் சம்பள வரம்பு உண்டு, ஆனால் அதை வீரர்களின் தொழிற்சங்கம் பேரம் பேசி ஒப்புக்கொண்டிருக்கிறது. கல்லூரி வீரருக்குச் சங்கம் இல்லை, பணியாளர் என்ற சட்டத் தகுதி இல்லை, காயம் பட்டால் தொழிலாளர் இழப்பீடு இல்லை. பணம் கொடுப்பவர்களே பணத்தின் அளவையும் விதிகளையும் வகுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஊதியம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் நிலைப்பாடு இதுதான்: வருவாய் ஈட்டும் விளையாட்டுகளில் ஆடுவோரைப் பணியாளர்களாக ஏற்க வேண்டும், எவ்வளவு ஊதியம் என்பதை அவர்களே பேரம் பேசட்டும். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுமாறு வேண்டுகிறேன்.

செங்காந்தள்

நண்பர் மருதநிலவன் அவர்களுக்கு வணக்கம். நான் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், நடுத்தர அளவிலான ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். உங்கள் வாதம் முழுவதும் தொலைக்காட்சியில் தெரியும் நாற்பது ஐம்பது பல்கலைக்கழகங்களை வைத்துக் கட்டப்பட்டது. என்சிஏஏயில் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ ஐந்து லட்சம் மாணவர்கள் விளையாடுகிறார்கள். விளையாட்டுத் துறையின் வருவாய் செலவை விஞ்சும் இடங்களை எண்ணினால் இரண்டு டஜனைச் சுற்றித்தான் வரும். என்சிஏஏ தன் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறது; மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அங்கு விளையாடுவோர் ஆசைக்காக விளையாடுகிறார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாணவரின் கட்டணச் சீட்டிலும் விளையாட்டுத் துறைக்கென்று ஒரு வரி இருக்கிறது. என் வகுப்பில் முன்வரிசையில் அமரும் ஒரு மாணவி இரவில் பல்பொருள் அங்காடியில் அலமாரி அடுக்கிவிட்டுக் காலை எட்டு மணி வகுப்புக்கு வருகிறார். வாழ்நாளில் ஓர் ஆட்டத்துக்கும் போகாத அவரும் அந்தக் கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். வீரர்களுக்குச் சம்பளம் என்று வந்தால் அந்தப் பணம் எங்கள் ஊரில் தொலைக்காட்சி நிறுவனத்திடமிருந்து வராது. அந்த மாணவியின் கல்விக் கடனிலிருந்துதான் வரும்.

முழு உதவித்தொகை பெறும் வீரருக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, நூல்கள், தனிப் பயிற்றுநர் எல்லாம் கிடைக்கின்றன. சில தனியார் பல்கலைக்கழகங்களில் இதன் மதிப்பு ஆண்டுக்கு எண்பதாயிரம் டாலரைத் தாண்டும். கடனில்லாமல் பட்டம் பெறுவது இந்த நாட்டில் சிறிய பேறு அன்று. அதைக் கூலியே இல்லை என்பதுபோலப் பேசுவது நியாயமாகாது.

கடலோடி

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு எதற்காக உருவானது என்பதைப் பார்க்காமல் இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள முடியாது. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

1950களில் டென்வர் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர் எர்னஸ்ட் நெமெத் பயிற்சியின்போது முதுகில் அடிபட்டார். வளாகத்தில் அவருக்கு ஒரு வேலையும் கொடுத்திருந்தார்கள். அணியில் இருந்தால்தான் அந்த வேலை நீடிக்கும். 1953இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் அவரைப் பணியாளர் என்று ஏற்று இழப்பீட்டை உறுதி செய்தது. இத்தீர்ப்பு கல்லூரிகளைக் கலங்கடித்தது. இரண்டே ஆண்டுகளில், அதே மாநிலத்தில், ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 1957இல் அதே உச்ச நீதிமன்றம், கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று கூறி அந்தக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது.

அக்காலத்தில் என்சிஏஏயை நடத்தியவர் வால்டர் பையர்ஸ். 1951 முதல் 1988 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். இத்தகைய இழப்பீட்டு வழக்குகளின் அச்சத்தில்தான் “மாணவ விளையாட்டு வீரர்” என்ற தொடரைச் சங்கம் புகுத்தி, எல்லா விதிகளிலும் கட்டாயமாக்கியது என்பதை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். ஓய்வு பெற்றபின் தாம் கட்டிய அமைப்பையே கடுமையாக எதிர்த்தார். கைம்பெண் ஒருவருக்கு இழப்பீடு தராமலிருப்பதில் வேர்கொண்ட ஏற்பாடு, பின்னாளில் உன்னத மரபு என்று பெயர் பெற்றது. பெயர் தந்தது அமெரிக்க உச்ச நீதிமன்றமே. 1984இல் ஒளிபரப்பு உரிமை வழக்கில் என்சிஏஏக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், ஊதியமில்லா விளையாட்டைப் பற்றி வழியோடு போகிறபோக்கில் எழுதிய சில புகழ்ச்சி வரிகளைச் சங்கம் அடுத்த முப்பத்தேழு ஆண்டுகள் கேடயமாகத் தூக்கிப் பிடித்தது.

அந்தக் கேடயத்தை முதலில் கீறியவர் எட் ஓ’பானன். 1995இல் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்துக் கோப்பையை வென்று தந்தவர். பல ஆண்டுகள் கழித்து ஒரு வீடியோ விளையாட்டில் தம் உயரமும் தோற்றமும் எண்ணும் கொண்ட உருவம் ஓடுவதைக் கண்டார். அதற்காக அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2009இல் வழக்குத் தொடுத்தார்; 2014இல் இதே நீதிபதி வில்கன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கல்வி சார்ந்த பயன்களுக்கு என்சிஏஏ உச்சவரம்பு விதிப்பது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்றார்கள். நீதிபதி கேவனா தனியே எழுதிய இசைவுரையில், என்சிஏஏ சட்டத்துக்கு அப்பாற்பட்டதன்று என்று முடித்தார்.

இத்தனை வெற்றிகளிலும் ஒரு குறை உண்டு. ஏகபோகத் தடைச் சட்டம் சந்தையைத் திறக்கும். அடிபட்டவருக்கு இழப்பீடு தராது. டெனிசனின் மனைவி கேட்டது முந்தையதை அல்ல, பிந்தையதை.

மருதநிலவன்

கடலோடி ஐயாவுக்கு நன்றி. கடைசி இரு வரிகள் நான் சொல்ல விரும்பியதை என்னிலும் தெளிவாகச் சொல்லிவிட்டன.

செங்காந்தள் அம்மையீர், உங்கள் மாணவியின் கட்டணச் சீட்டு எனக்கும் வலிக்கிறது. ஆனால் “நட்டம்” என்ற கணக்கை அப்படியே ஏற்க நான் தயாரில்லை. விளையாட்டுத் துறைக்குப் பங்குதாரர் இல்லை. வந்த பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருக்கக் காரணமும் இல்லை. எனவே எவ்வளவு வந்தாலும் அது பயிற்சியாளர் சம்பளமாகவும் பளிங்குத் தரையிட்ட உடைமாற்று அறையாகவும் உருமாறுகிறது. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். இனி வேலை பார்க்க வேண்டாம் என்பதற்காக ஒருவருக்குத் தரும் பணம் அது. அந்தப் பருவம் முழுதும் மண்டை மோத ஆடிய இளைஞர்களுக்குப் பல்கலைக்கழகம் சம்பளமாகத் தரக்கூடியது அன்று சுழியம்.

வருவாயையும் பாருங்கள். மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டிக்கு சிபிஎஸ், டர்னர் நிறுவனங்கள் 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. 2016இல் மேலும் எட்டு ஆண்டுகளுக்கு 880 கோடி சேர்த்து 2032 வரை நீட்டித்தன. பிக் டென் கூட்டமைப்பு 2023இல் தொடங்கிய ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் 700 கோடி டாலருக்கு மேல் பெறுகிறது. இந்தப் பணத்துக்காகவே லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பல்கலைக்கழகங்கள் நியூ ஜெர்சி வரை ஆடப் போகும் கூட்டமைப்பில் 2024இல் சேர்ந்தன. மாணவரின் படிப்பை முதன்மையாகக் கருதுபவர்கள் எடுக்கும் முடிவா அது?

2019 பிப்ரவரி 20 அன்று டியூக் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எதிரணி வட கரோலினா. முன்னாள் அதிபர் ஒபாமா பார்வையாளர் வரிசையில் இருந்தார். நுழைவுச்சீட்டுகள் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறின. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினெட்டு வயது சையான் வில்லியம்சன் பந்தோடு திரும்பக் காலை ஊன்றியபோது இடக்கால் நைக்கி காலணி அடிப்பாகத்திலிருந்து கிழிந்து, பாதம் வெளியே வந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்தார். மறுநாள் நைக்கியின் பங்கு விலை சரிந்ததை நாளிதழ்கள் எழுதின. அந்தக் காலணியை அணிவிக்க அந்நிறுவனம் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் வைத்திருந்தது. அரங்கில் பணம் பெறாமல் உடலைப் பணயம் வைத்தவர்கள் ஆடியவர்கள் மட்டுமே. அவர் பிழைத்துக்கொண்டார், அந்த ஆண்டே தொழில்முறைத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டார். அதே காயம் முழங்காலை முடித்திருந்தால் அவருக்கு எந்தச் சட்டத்தின் கீழ் என்ன கிடைத்திருக்கும்?

அலைவாய்

இந்த இழையை வாசித்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகள் நீச்சல் வீராங்கனை. எட்டு வயதிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் குளத்தில் இறங்கியவள். குளிர்காலத்தில் ஈரத் தலையோடு காரில் ஏறுவாள். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் முடி நுனியில் பனி உறைந்திருக்கும். அவளுக்குப் பணம் வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. அணியில் ஓர் இடம் வேண்டும் என்றுதான் நினைத்தோம்.

மருதநிலவன் போற்றும் இந்த உடன்படிக்கை உதவித்தொகை எண்ணிக்கைக்கான வரம்பை நீக்கிவிட்டு, அணியில் இருப்போர் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. விளைவு என்ன? உதவித்தொகை இல்லாமல், தன் செலவில் படித்துக்கொண்டே அணியோடு பயிற்சி பெற்றவர்களைப் பல கல்லூரிகள் வெளியேற்றின. என் மகளும் அவர்களில் ஒருத்தி. இரண்டு ஆண்டுகள் அணியில் இருந்தவளைப் பயிற்சியாளர் அழைத்து, சில நிமிடங்களில் பேசி அனுப்பிவிட்டார். இந்த அநீதியை நீதிபதி வில்கனே கவனித்து, வெளியேற்றப்பட்டவர்களுக்கு வழி செய்யாமல் ஒப்புதல் தர முடியாது என்று 2025 ஏப்ரலில் சொன்னார். பிறகு அவர்களை வரம்பில் சேர்க்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று திருத்தினார்கள். எடுத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. என் மகளின் கல்லூரி எடுத்துக்கொள்ளவில்லை.

மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வழக்குக்குப் பெயர் தந்த கிராண்ட் ஹவுஸ் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நீச்சல் வீரர். ஆனால் இழப்பீட்டுத் தொகையைப் பங்கிட்டபோது ஏறத்தாழ 75 விழுக்காடு கால்பந்துக்கும், 15 விழுக்காடு ஆண்கள் கூடைப்பந்துக்கும், 5 விழுக்காடு பெண்கள் கூடைப்பந்துக்கும் போக, எஞ்சிய 5 விழுக்காட்டில் நீச்சல், தடகளம், மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் அடங்கின. புதிய வருவாய்ப் பகிர்வையும் பல பெரிய பல்கலைக்கழகங்கள் இதே விகிதத்தையொட்டியே அமைக்கின்றன.

1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் பிரிவுச் சட்டம், கூட்டாட்சி நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தச் சட்டம் இல்லையென்றால் என் மகள் நீந்திய அணியே இருந்திருக்காது. வருவாய்ப் பகிர்வுக்கும் அச்சட்டம் பொருந்தும் என்று கல்வித் துறை 2025 ஜனவரியில் ஒரு விளக்கம் வெளியிட்டது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. பெண்களுக்குக் குறைவாகப் பங்கிட்டதை எதிர்த்துச் சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். சந்தை தீர்மானிக்கட்டும் என்பவர்கள், பெண்கள் விளையாட்டை நெடுங்காலம் போதிய அளவு ஒளிபரப்பாமல் வைத்திருந்ததும் அதே சந்தைதான் என்பதை மறக்கக் கூடாது. 2024இல் கெய்ட்லின் கிளார்க் ஆடிய கல்லூரிக் கூடைப்பந்துப் பெண்கள் இறுதியாட்டத்தை ஆண்கள் இறுதியாட்டத்தைவிட அதிகமானோர் பார்த்தார்கள். காட்டினால் பார்க்கிறார்கள்.

செங்காந்தள்

அலைவாய் அம்மா சொன்னதுதான் என் அச்சமும். பணத்துக்கு நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது நீச்சலும் டென்னிசும் மல்யுத்தமும்தான். ஸ்டான்ஃபோர்டு போன்ற செல்வச் செழிப்புள்ள பல்கலைக்கழகமே 2020இல் பதினோரு விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. முன்னாள் வீரர்கள் போராடியபின் 2021இல்தான் முடிவை மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் விளையாட்டுக்கென்று ஒன்றிய அரசு அமைச்சகம் கிடையாது. ஒலிம்பிக் அணியின் பெரும்பகுதி கல்லூரிகளில்தான் உருவாகிறது. அந்த அடித்தளத்தைக் கால்பந்து வீரர்களின் சம்பளத்துக்காகப் பெயர்த்தெடுக்கலாமா?

மருதநிலவன்

அம்மா, உங்கள் மகளுக்கு நேர்ந்தது கொடுமை. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. அந்த உடன்படிக்கையை நான் போற்றவும் இல்லை. அணியின் அளவைக் குறைக்கும் விதியைப் பற்றி வெளியேற்றப்படப் போகிறவர்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. பேரம் பேச ஒரு சங்கம் இருந்திருந்தால் அவர்கள் அந்த மேசையில் இருந்திருப்பார்கள். நீச்சலைக் கால்பந்து வீரரின் ஊதியம் கொல்வதாகச் சொல்வதற்கு முன், பயிற்சியாளரின் ஏழரைக் கோடியைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

வடவேங்கடன்

நான் வேறொரு கோணத்திலிருந்து எழுதுகிறேன். தடகள உதவித்தொகையில் இந்தியாவிலிருந்து இங்கு படிக்க வந்தவன் நான். நம்மவர்களில் பலருக்குத் தெரிந்த பெயர்கள்: சென்னையில் வளர்ந்து, வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளும் என்சிஏஏ டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்ற சோம்தேவ் தேவ்வர்மன், கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் உயரம் தாண்டுதலில் பட்டம் வென்ற, டெல்லித் தமிழரான தேஜஸ்வின் சங்கர். கட்டணம் இல்லாத படிப்பும், நல்ல ஓடுதளமும், காயம் பட்டால் உடனே பார்க்கும் மருத்துவரும் கிடைத்தது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிது என்பதை வார்த்தையில் சொல்ல முடியாது. அந்த அளவில் செங்காந்தள் அவர்களோடு உடன்படுகிறேன்.

ஆனால் 2021 ஜூலை 1 முதல், தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம் என்று வீரர்களுக்கு வழி திறந்தபோது, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தவர்கள் வெளியே நின்றோம். கல்வி பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேர வேலைக்குத்தான் அனுமதி. வெளியே உரிய அனுமதி இல்லாமல் வேலை செய்யக் கூடாது. இதுதான் அந்த விசாவின் விதி. பர்டியூவின் ஜாக் ஈடி 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளும் நாட்டின் தலைசிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராகத் தேர்வானவர். கனடாக்காரர் என்பதால், சக வீரர்கள் பெற்ற விளம்பர வாய்ப்புகளை அவரால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. கென்டக்கியின் ஆஸ்கர் சிப்வே காங்கோ நாட்டவர். 2022இல் அணி பஹாமாசுக்குப் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே இருக்கிறோம் என்பதால் அங்கு விளம்பரப் படப்பிடிப்புகளை முடித்துக்கொண்டார்.

எனவே மருதநிலவன் கேட்கும் பணியாளர் தகுதி எங்களுக்கு இரு முனையும் கூரான கத்தி. பணியாளர் ஆனால் பயிற்சி நேரம் வேலை நேரமாகும். அந்த நேரம் வாரம் இருபது மணியில் அடங்காது. விசா விதியைத் திருத்தாமல் தகுதியை மட்டும் மாற்றினால், கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை எடுக்கவே தயங்கும். பணியாளர் தகுதியை நான் எதிர்க்கவில்லை. அதை எழுதும்போது எங்களையும் எண்ணிப் பார்த்து எழுத வேண்டும் என்கிறேன்.

தெற்குவாசல்

மதுரையிலிருந்து வாசித்து வருகிறேன். வீரர்கள் தொழிற்சங்கம் அமைக்க முயன்றதே இல்லையா? முயன்றிருந்தால் என்ன ஆயிற்று என்று கடலோடி ஐயா விளக்கினால் நன்று.

கடலோடி

இருமுறை பெரிய முயற்சி நடந்தது. 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணித் தலைவர்களில் ஒருவரான கெய்ன் கோல்ட்டர் முன்னின்று நடத்தியது முதலாவது. தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் சிகாகோ வட்டார இயக்குநர், உதவித்தொகை பெறும் வீரர்கள் பணியாளர்களே என்று முடிவு செய்தார். அவருடைய ஆணையை வாசித்தால், வாதங்களைவிட அன்றாடக் கணக்கு நம்மைத் தொடும்: ஆகஸ்ட் மாதப் பயிற்சி முகாமில் வாரம் 50 முதல் 60 மணி நேரம், போட்டிப் பருவத்தில் 40 முதல் 50 மணி நேரம். எங்கே தங்கலாம், வெளியே வேலை பார்க்கலாமா, சமூக ஊடகத்தில் என்ன எழுதலாம் என்பது வரை பயிற்சியாளரின் கட்டுப்பாடு. ஆனால் 2015 ஆகஸ்டில் வாஷிங்டனிலுள்ள வாரியம், இவர்கள் பணியாளர்களா இல்லையா என்ற கேள்விக்குள் நுழையாமலேயே, இந்த வழக்கில் அதிகாரம் செலுத்த விரும்பவில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே அவ்வாரியத்தின் அதிகாரம் செல்லும். நார்த்வெஸ்டர்ன் ஆடும் கூட்டமைப்பிலோ பெரும்பாலானவை அரசுப் பல்கலைக்கழகங்கள்.

இரண்டாவது டார்ட்மத். விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தராத ஐவி லீக் கூட்டமைப்பைச் சேர்ந்த கல்லூரி அது. 2024 மார்ச் 5 அன்று அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி 13க்கு 2 என்ற வாக்கில் தொழிற்சங்கத்தில் சேர முடிவு செய்தது. கல்லூரி பேச்சு நடத்த மறுத்தது. வாரியத்தின் பெரும்பான்மை மாறப்போகும் சூழலில், பாதகமான முன்தீர்ப்பு வந்துவிடக் கூடாது என்று அந்த ஆண்டின் இறுதி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள்.

நீதிமன்றத்தில் ஒரு கதவு இன்னும் திறந்திருக்கிறது. ஜான்சன் வழக்கில் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில், ஊதியமில்லா மரபு என்ற காரணத்தை மட்டும் காட்டிக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று சொல்லியிருக்கிறது. யார் பணியாளர், யார் அல்லர் என்பதை வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. செங்காந்தள் அவர்களின் மூன்றாம் பிரிவுக் கல்லூரி மாணவரையும் டெக்சாசின் கால்பந்து வீரரையும் ஒரே தராசில் நிறுத்தத் தேவையில்லை என்பதற்கு அதுவே இடம் தருகிறது.

காயம் பற்றி மருதநிலவன் கேட்ட கேள்விக்கும் விடை தருகிறேன். கென்ட் வால்ட்ரெப் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்காக 1974இல் அலபாமாவுக்கு எதிராக ஆடும்போது கழுத்து முறிந்து உடல் செயலிழந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்டு நீண்ட காலம் போராடினார். ஒரு கட்டத்தில் ஆணையம் அவர் பக்கம் நின்றது. நடுவர் குழு எதிராகத் தீர்ப்பளித்தது. 2000ஆம் ஆண்டில் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் பணியாளர் அல்லர் என்று உறுதி செய்தது. அந்த நேரத்தில் அவர் சக்கர நாற்காலியில் கால் நூற்றாண்டைக் கழித்திருந்தார்.

செங்காந்தள்

வால்ட்ரெப்பின் நிலையை வாசித்தபின் காயத்துக்கான பொறுப்பில் என்னிடம் எந்த மறுப்பும் இல்லை. பல்கலைக்கழகத்துக்காக ஆடி முறிந்த கழுத்துக்குப் பல்கலைக்கழகமே பொறுப்பு. அதற்கு யாரும் பணியாளராக வேண்டியதில்லை. சட்டம் நேரடியாகவே சொல்லலாம்.

ஆனால் சம்பளம் பற்றி எனக்குள்ள தயக்கம் வகுப்பறையிலிருந்து வருவது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள், ஆசிரியரே வராத காகித வகுப்புகளில் மதிப்பெண் பெற்றதை 2014இல் வெளியான விசாரணை அறிக்கை காட்டியது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். சம்பளம் இல்லாத காலத்திலேயே படிப்பு இந்தக் கதி. சம்பளம் வந்தபின், ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகமாக அணி மாறிக்கொண்டிருக்கும் இளைஞர் எந்தப் பட்டத்தை முடிப்பார்? அரைகுறை மதிப்பெண் பட்டியல்களோடு என் அறைக்கு வந்து, எந்தப் பாடம் இங்கே செல்லும் என்று கேட்பவர்களை ஏற்கெனவே பார்க்கிறேன். விளையாட்டு இருபத்திரண்டு வயதில் முடிந்துவிடும் பெரும்பான்மையினருக்கு மிஞ்சுவது பட்டம் ஒன்றுதான்.

மருதநிலவன்

வட கரோலினா எடுத்துக்காட்டு எனக்கே சாதகமானது என்று நினைக்கிறேன். அந்த வழக்கில் என்சிஏஏ 2017இல் பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் விதிக்காமல் விட்டது. அவ்வகுப்புகள் மற்ற மாணவர்களுக்கும் திறந்திருந்தன என்பதே காரணம். உதவித்தொகைதான் கூலி, கல்விதான் கூலி என்றால், அந்தக் கூலியில் கலப்படம் செய்தவர்களை விட்டுவிட்டார்கள். வீரர் தம் கையெழுத்தை விற்றுப் பணம் பெற்றால் மட்டும் தண்டித்தார்கள். ஒப்பந்தம் இருந்தால், பட்டம் முடிக்கும் வரை கட்டணம் தர வேண்டும், தேர்வு வாரத்தில் பயணம் கூடாது என்பவற்றையும் அதில் எழுத வைக்கலாம். அணி மாறுவதையும் ஒப்பந்தக் காலம்தான் கட்டுப்படுத்தும். இன்று நீதிமன்றங்களில் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருக்கும் தடை விதிகள் கட்டுப்படுத்தாது.

காயத்துக்குச் சட்டம் போதும் என்கிறீர்கள். 2024 ஆகஸ்ட் முதல் முதற்பிரிவுக் கல்லூரிகளில், ஆடும் காலம் முடிந்தபின் இரண்டு ஆண்டுகளுக்குக் காய மருத்துவம் வழங்கப்படுகிறது. நல்லது. தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு மூளைச் சிதைவின் அறிகுறிகள் இருபது முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகின்றன. இரண்டு ஆண்டு என்பதை யார் முடிவு செய்தார்கள்? மீண்டும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன். அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2025இல் முன்வைக்கப்பட்ட மசோதா ஒன்று, என்சிஏஏக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பாதுகாப்பும் தருகிறது, வீரர்கள் பணியாளர்கள் ஆகாதபடியும் தடுக்கிறது. அது நிறைவேறினால் வழக்குத் தொடுக்கும் வழியும் பேரம் பேசும் வழியும் ஒருசேர அடைபடும்.

அலைவாய்

அந்த மசோதாவை நானும் வாசித்தேன். என் மகளின் அணியைக் காக்கும் என்று சொல்லித்தான் அதை ஆதரிக்கச் சொல்கிறார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விளையாட்டுகளை நடத்தியே தீர வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு உண்டு என்பதால் எனக்கும் முதலில் சபலம் ஏற்பட்டது. ஆனால் அணியை வைத்திருப்பது வேறு, அணியில் இருப்பவரைப் பாதுகாப்பது வேறு. இரண்டு ஆண்டுகள் நீந்தியவளைச் சில நிமிடங்களில் அனுப்பிவிட முடிந்தது என்றால், அவள் கையில் எழுத்தில் எதுவும் இல்லை என்பதே காரணம். கால்பந்து வீரருக்குக் கிடைக்கும் ஒப்பந்தத்தில் பணம் இருக்கட்டும். சம்பளமே வேண்டாம் என்கிற நீச்சல் வீராங்கனைக்கும் அறிவிப்புக் காலமும் காரணம் கேட்கும் உரிமையும் கொண்ட ஒப்பந்தம் ஒன்று வேண்டும்.

செங்காந்தள்

அலைவாய் அம்மா கேட்பதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். எழுத்திலான ஒப்பந்தம், அறிவிப்புக் காலம், வாழ்நாள் காய மருத்துவம், பட்டம் முடிக்கும் வரை கட்டணம். இவை எல்லா வீரருக்கும் பொதுவாக வேண்டும். இதற்கு மேல் சம்பளம் என்று போகும்போது, பணம் வரும் வழியை மருதநிலவன் இன்னும் சொல்லவில்லை. தொலைக்காட்சி வருவாய் உள்ள பல்கலைக்கழகம் தரட்டும், மறுக்கவில்லை. எங்களைப் போன்ற இடங்களில் மாணவர் கட்டணத்திலிருந்து ஒரு டாலர்கூட அதற்குப் போகக் கூடாது என்று சட்டத்தில் எழுதுவீர்கள் என்றால், உங்கள் கோரிக்கையில் நானும் கையெழுத்திடுகிறேன்.

மருதநிலவன்

எழுதலாம். மாணவர் கட்டணத்தைத் தொடாமல், ஒளிபரப்பு, நுழைவுச்சீட்டு, விளம்பர வருவாயில் மட்டும் பங்கு என்பதே என் கோரிக்கையும். அந்த வருவாய் இல்லாத இடத்தில் சம்பளம் பற்றிய பேச்சும் எழாது. நீங்கள் பட்டியலிட்ட நான்கும் அங்கேயும் இருக்க வேண்டும். வடவேங்கடன் கேட்ட விசாத் திருத்தத்தை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.